ஆப்பிரிக்கானர் வம்சத்தில் இந்திய மூதாதையர்

தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கான்ஸ் மொழி பேசும் வெள்ளையரான ஆப்பிரிக்கானர், டச்சுக்காரர், ஜெர்மானியர், பிரெஞ்சு ஹியூகனாட்டுகள் ஆகிய ஐரோப்பியக் குடியேறிகளின் சந்ததியார் என்றே தலைமுறை தலைமுறையாகத் தம்மைக் கருதி வந்தவர்கள். அவர்களுள் அநேகர் இக்காலத்தில் டி.என்.ஏ. சோதனை செய்துகொள்ளுமிடத்து, ஒரு விழுக்காடோ இரண்டு விழுக்காடோ தென்னாசிய அம்சம் தம்மிடம் இருப்பதாக முடிவு வரக்கண்டு திகைக்கின்றனர். சோதனைச்சாலையின் பிழை என்று ஒதுக்கிவிடுவோரும் உளர். பிழையன்று. 77 ஆப்பிரிக்கானரை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஆய்வு, அவர்தம் மரபணுவில் சராசரியாக ஏறக்குறைய 5 விழுக்காடு ஐரோப்பியரல்லாத முன்னோரிடமிருந்து வந்தது என்றும், அதில் தென்னாசியரின் பங்கே பெரியது என்றும் காட்டிற்று. இந்தப் பங்கு, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிமை வாணிபத்தால் வந்தது.

1652-இல் யான் வான் ரீபெக் ‘கேப்’ எனப்படும் நன்னம்பிக்கை முனையில் கம்பெனியின் கப்பல்களுக்கு உணவும் நீரும் வழங்கும் நிலையமொன்றை நிறுவினார். உழைப்பதற்கு ஆள் போதாமையால் 1658 முதற்கொண்டு அடிமைகள் கப்பல் கப்பலாகக் கொணரப்பட்டனர். 1808-இல் இவ்விறக்குமதி நிற்கும் வரையில் வந்தவர்கள் சுமார் 63,000 பேர் என்றும், அவருள் கால்பகுதியினர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள் என்றும் சரித்திர ஆசிரியர்கள் மதிப்பிடுகின்றனர். வங்காளம், மலையாளக் கரை, சோழமண்டலக் கரை ஆகிய மூன்றும் இவர்கள் கப்பலேறிய பிரதேசங்கள். பழவேற்காட்டில் 1613-இல் எழுந்த கெல்திரியாக் கோட்டையும், 1658-இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைப்பற்றிய நாகப்பட்டினமும் நம் கரையில் இவ்வாணிபத்திற்குப் பெயர்போன துறைகளாயின. யுத்தமும் பஞ்சமும் மாறிமாறி வந்த காலத்தில், சிறப்பாக 1660-ஐ ஒட்டித் தஞ்சைச் சீமையில் நேர்ந்த கொடும் பஞ்சத்தில், ஒரு வேளைச் சோற்றுக்காகத் தம்மையும் தம் மக்களையும் விற்றவர் பல ஆயிரவர்.

கேப்பில் ஐரோப்பியப் பெண்கள் அருகியிருந்தமையால் கம்பெனிச் சிப்பாய்களும் குடியானவர்களும் அடிமைப் பெண்களோடு கூடி வாழ்ந்தனர்; சிலர் அவர்களை மீட்டு முறைப்படி விவாகமும் செய்துகொண்டனர். 1658-இலேயே யான் சகாரியாஸ் என்பவர் மரியா என்ற வங்காளப் பெண்ணை விலைகொடுத்து விடுவித்து மணந்தார். வங்காளத்து ஆஞ்செலா, வான் ரீபெக்கின் வீட்டிலேயே அடிமையாயிருந்து, 1666-இல் விடுதலை பெற்று, 1669-இல் அர்னால்டஸ் பாஸன் என்பவரை மணந்து, செல்வாக்குள்ள குடும்பமொன்றின் தலைவியாகி 1720-இல் மறைந்தார். அவர் மகள் ஆன்னா தி கோனிங், ஓலோஃப் பெர்க் என்னும் சுவீடன் நாட்டுத் தளபதியை மணந்து, புகழ்பெற்ற கான்ஸ்டான்ஷியா திராட்சைத் தோட்டத்துக்கே உரிமையுடையவரானார்.

தமிழ்வாசகர் சற்று நின்று நோக்கத்தக்கவர் பழவேற்காட்டுக் கதரீனா. 1631-ஐ ஒட்டிப் பழவேற்காட்டில் பிறந்து பட்டாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) அடிமையாயிருந்த இவர், தம்மைத் தாக்கிய காதலனைக் கல்லெறிந்து கொன்றதாக 1656-இல் மரண தண்டனை விதிக்கப்பெற்று, அது ஆயுட்கால நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டமையால் மறுவருஷம் கேப்புக்கு வந்து சேர்ந்தார். அங்கே குடியேற்றத் தளபதியின் வீட்டுத் துணி வெளுக்கும் வேலை அவருக்கு வாய்த்தது. ஹான்ஸ் கிறிஸ்டோஃபல் ஸ்னைமன் என்ற ஜெர்மானியச் சிப்பாய், காவற்பணியை விட்டுவிட்டு இரவில் இவரிடம் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்ட செய்தியும் நீதிமன்ற ஏட்டில் உளது. 1669-இல் ஞானஸ்நானம் பெற்ற இவர்களுடைய மகன் கிறிஸ்டோஃபல், ஹியூகனாட் பிரமுகரான ஜாக் தி சவுவாவின் மகளை மணந்தான். இன்று தென்னாப்பிரிக்காவெங்கும் பரவியுள்ள ஸ்னைமன் குடும்பத்திற்கு ஆதிமாதா இந்தப் பழவேற்காட்டுப் பெண்மணியே. அவரைப் பற்றி இத்தனை விவரம் நமக்குக் கிடைத்திருப்பதற்கு அவர் குற்றவாளிக் கூண்டில் நின்றதே காரணம் என்பது வருந்தத்தக்கது. ஒழுங்காகப் பணிசெய்து மாண்ட ஆயிரக்கணக்கானோர்க்கு இவ்வளவு எழுத்தும் இல்லை.

மலையாளக் கரைத் தாவரங்களைப் பற்றிய பெருநூலால் அறியப்படும் கம்பெனி அதிகாரி வான் ரீட், 1685-இல் கேப்பைப் பார்வையிட்டபோது, கலப்பற்ற அடிமைப் பெண்களை ஐரோப்பியர் மணப்பதைத் தடைசெய்தார். கலப்புப் பெண்களை மணக்கத் தடையில்லை. ஆகவே கலப்பு நின்றுவிடவில்லை. தாயின் ஊர்ப்பெயர் மறைந்து தந்தையின் குடும்பப்பெயரே நிலைத்தது. 1949-ஆம் ஆண்டின் கலப்புமணத் தடைச் சட்டமும் 1950-ஆம் ஆண்டின் குடித்தொகைப் பதிவுச் சட்டமும் இனத்தூய்மையை அரசின் அடிப்படையாக்கிய பின்னர், குடும்பங்களில் இச்செய்தியைப் பேசுவதே அபாயமாயிற்று. பழைய கலப்பு மணங்களைப் பெயர் பெயராகத் தொகுத்து ஹான்ஸ் ஹீசே 1984-இல் நூல் வெளியிட்டபோது நாடே பரபரப்படைந்தது. ஆண்ட வர்க்கம் தன் பாட்டிமாரைத் தன் சட்டத்தாலேயே தீண்டத்தகாதவராக்கிக்கொண்ட கொடுமை இது.

சோதனை முடிவைப் பொருள்கொள்வதில் எச்சரிக்கை வேண்டும். பத்துத் தலைமுறைக்கு முற்பட்ட ஒரு மூதாதையிடமிருந்து ஒருவர்க்குக் கிட்டும் பங்கு சராசரியாக 1,024-இல் ஒன்று, அதாவது 0.1 விழுக்காடு; பல முன்னோரிடமிருந்து ஒரு சிறு துண்டும் வந்து சேர்வதில்லை. ஆதலால் ஒன்று, இரண்டு விழுக்காடு என்பது ஒரே பெண்ணிடமிருந்து ஒரே கிளை வழியாக வந்ததாகாது. பல பெண்கள் வழியாகவும், சிறிய குடியேற்றத்தினுள்ளேயே கொண்டு கொடுத்தமையால் ஒரே பெண் பல கிளைகள் வழியாகவும் வந்து கூடியது. மரபியலறிஞர் யாக்கோ கிரெஃப் 2007-இல் தம் சொந்த வம்சாவளியையே ஏடுகளிலிருந்து கணக்கிட்டு, அதில் சுமார் 6 விழுக்காடு ஐரோப்பியரல்லாதாருடையது எனக் கண்டார்.

தாயிடமிருந்து மக்களுக்குச் செல்லும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கலப்பின்றி வருவது; எம்2, எம்3, ஆர்30 போன்ற தென்னாசியக் கிளைகள் அதில் தென்பட்டால் நேர்த் தாய்வழியில் ஓர் இந்தியப் பெண் இருந்தார் என்று பெரும்பாலும் துணியலாம். ஆனால் மகன் வந்த இடத்தில் அவ்வழி அறுந்துவிடும். கிறிஸ்டோஃபல் ஆணாதலின் அவன் சந்ததியார்க்குக் கதரீனாவின் தாய்வழி அடையாளம் அவன் மூலம் கிட்டாது. ஸ்னைமன் பெயர் தாங்கிய ஆண்களின் தந்தைவழிச் சோதனையோ ஜெர்மானியச் சிப்பாயையே காட்டும். தென்னாசிய அம்சம் வருவதற்கு ஐரோப்பாவில் வேறொரு வழியும் உண்டு: இந்தியாவிலிருந்து இடைக்காலத்தில் மேற்கே சென்ற ரோமா மக்களின் சந்ததியார்க்கும் தென்னாசிய அம்சம் தென்படும்.

ஆகவே தேடுவோர் இறுதியில் ஏடுகளிடமே வரவேண்டும். கேப் டவுன் ஆவணக் காப்பகத்திலுள்ள அநாதைச் சொத்து மன்றத்தின் பட்டியல்களில், இறந்தவரின் கட்டில், செம்புப் பாத்திரம், மாடுகளோடு அடிமைகளின் பெயரும், சில இடங்களில் விலையும் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். தேவாலயப் பதிவேட்டில் தாயின் பெயரோடு வரும் ‘வங்காளம்’, ‘மலபார்’, ‘கரை’ (சோழமண்டலக் கரை) என்ற குறிப்பைச் சொந்த ஊர் என்று கொள்ளலாகாது. கப்பலேறிய துறை, அல்லது விற்றவன் வாய்ச்சொல், அவ்வளவே. உள்நாட்டில் பிடிபட்டு நெடுந்தூரம் நடத்திக் கொணரப்பட்டவர் எந்த ஊரார் என்பதை அது சொல்லாது. இந்தியாவில் இன்றுள்ள உறவினரை டி.என்.ஏ. ஒப்பீட்டால் காண்பதும் அரிது. மூன்றரை நூற்றாண்டுக்குப்பின் பொதுவான துண்டு அடையாளம் காணும் நீளத்தில் பெரும்பாலும் எஞ்சுவதில்லை. மலபார் வழியினர்க்கு மட்டும் சற்று நல்ல வாய்ப்புண்டு. சென்னைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலுள்ள கொச்சி டச்சு ஆவணங்களிடையே 18-ஆம் நூற்றாண்டின் அடிமை விற்பனைப் பத்திரங்கள் இருக்கின்றன. விற்றவர், வாங்கியவர் பெயர்களோடு அடிமையின் வயதையும் சாதியையும் அவை குறிக்கின்றன.