ஐந்தில் ஒரு பங்கு

ஒரத்தநாட்டுக்கு முக்தாம்பாள்புரம்னு இன்னொரு பேர் உண்டு. தன் காதலி முக்தாம்பாள் நினைவாக இரண்டாம் சரபோஜி 1802-ல் அங்கே ஒரு சத்திரம் கட்டினார். ராமேஸ்வரம் போகிற வழிப்போக்கர்களுக்குச் சோறு, பிள்ளைகளுக்குப் படிப்பு. செலவுக்குக் கிராமங்களின் வருமானம்.

இதில் எனக்குச் சுவாரஸ்யமான இடம் அதற்கு மூன்று வருடம் முந்தியது. 1799 ஒப்பந்தத்தில் சரபோஜி தஞ்சை நிர்வாகத்தைக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் பகோடா, கூடவே நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு. எங்க வேலை பாஷையில் சொன்னால், அட்மின் அக்சஸ் போயாச்சு, கையில் மிஞ்சியது ஒரு ஃபார்முலா. சத்திரங்களையாவது என்னிடம் விட்டுவிடுங்கள் என்று அவர் கம்பெனியிடம் கேட்டுத்தான் வைத்துக்கொண்டார். அந்த மிச்சத்தில் எழுந்ததுதான் ஒரத்தநாட்டுக் கட்டடம்.

1855-ல் வாரிசுச் சிக்கலில் ராஜ்யம் முடிந்தது. சத்திரங்கள் பிற்பாடு ஜில்லா போர்டிடம் வந்தன. தஞ்சை ஜில்லா போர்டு லேசுப்பட்டதில்லை. நிலவரியோடு ஒரு செஸ் போட்டுப் பணம் சேர்த்து, மாயவரம் - முத்துப்பேட்டை ரயில் பாதையையே 1894-ல் ஓடவைத்தது. இன்றைக்கு ஒரு மாவட்ட ஊராட்சி ரயில் விடும்னு சொன்னால் மீம்தான் போடுவோம்.

1920-களில் போர்டுத் தலைவராக இருந்தவர் நீதிக்கட்சியின் ஏ.டி. பன்னீர்செல்வம். சத்திரப் பணத்தில் நடந்த ஒரத்தநாடு, ராஜாமடம் விடுதிகள் அவர் காலத்தில்தான் பிராமணரல்லாத பிள்ளைகளுக்கும் திறந்தன. பணம் எந்த மேசையில் இருக்கிறதோ, யாருக்குச் சோறு என்கிற முடிவும் அந்த மேசையில்தான்.

ஜில்லா போர்டுகளை 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு கலைத்துவிட்டார்கள். இப்போது சண்டை சென்னைக்கும் டெல்லிக்கும். மத்திய வரிப் பகிர்வில் தமிழ்நாட்டின் பங்கு 13-ஆவது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 14-ஆவதில் 4.023. 2011 மக்கள்தொகையைக் கணக்கில் சேர்த்ததும் குடும்பக் கட்டுப்பாட்டில் ஜெயித்த மாநிலத்துக்கு அது பாதகமானது. அடுத்து பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாததால் 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் நின்றுபோனது. மும்மொழிக் கொள்கையை ஏற்க வைக்கத்தான் இந்த நெருக்கடி என்று சொல்லி மாநில அரசு 2025-ல் உச்ச நீதிமன்றம் போனது. பள்ளிக்கூடப் பணத்தைப் பிடித்துவைத்துக் கொள்கையை ஏற்கச் சொல்வது அடாவடி. இதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

ஆனால், இதே தமிழ்நாடு 2016-ல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் நடத்தவில்லை. அதைக் காரணம் காட்டி டெல்லி நிதிக்குழு மானியத்தை நிறுத்தியது. மூன்று வருடம் ஊராட்சிகளில் இருந்தது தனி அலுவலர்கள். மாநில சுயாட்சி பேசுகிற நம்மில் எத்தனை பேர் அப்போது ஊராட்சிக்காகக் குரல் கொடுத்தோம்? மோட்டார் ரிப்பேரானால், தெருவிளக்கு எரியாவிட்டால், போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்க ஊரில் ஒரு தலைவர் இல்லை.