தீமையின் இருப்பிடம்: பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல் பற்றி ஓர் ஆராய்ச்சி

நன்மையும் தீமையும் ஒரே மனிதனுக்குள் குடியிருப்பதை ஆங்கில நாவலில் முதன்முதலாக வெளிப்படுத்தியவர் ராபர்ட் லூயி ஸ்டீவன்ஸன் என்றும், 1886 ஜனவரியில் பிரசுரமான ஜெக்கில், ஹைட் கதையே அதற்குச் சாசனம் என்றும் கூறும் வழக்கம் ஒன்று உண்டு. நாடக மேடையும் பின்னர் திரைப்படமும் நாடெங்கும் பரப்பிய இக்கொள்கை, அந்நூற்றாண்டின் நாவல்களைக் கால வரிசையில் வைத்து நோக்குமிடத்து நிலைபெறவில்லை. தீமை எங்கே பிறக்கிறது என்ற வினாவுக்கு அவை தந்த விடைகள் படிப்படியாக மாறி வந்தன. அம்மாற்றத்தின் சிகரம் ஸ்டீவன்ஸனுக்கு ஏறக்குறைய பதினான்கு ஆண்டுகள் முன்னரே எட்டப்பட்டுவிட்டது என்பது நம் துணிபு.

மனிதன் பிறவியிலேயே பாவி என்ற சமயக் கோட்பாட்டை மறுத்து, குணம் என்பது சூழ்நிலையின் விளைவே என்று 1793இல் வெளியிட்ட 'அரசியல் நீதி' என்னும் நூலில் வாதித்தவர் வில்லியம் காட்வின். அவருடைய புதல்வி மேரி ஷெல்லி 1818இல் தம் பெயரைக் குறிப்பிடாமல் வெளியிட்ட 'பிராங்கன்ஸ்டைன்' அக்கொள்கையின் கதையுருவம் என்றே சொல்லலாம். விஞ்ஞானி சிருஷ்டித்த அவ்வுயிர் பிறக்கும்போது கொடியதன்று; ஒரு குடிசையின் அருகே மறைந்திருந்து அங்குள்ளோரின் அன்பைக் கண்டு உருகி, மில்டனின் காவியத்தையும் கற்றுத் தேறிய அது, கண்ணற்ற முதியவர் ஒருவரிடம் மாத்திரமே பரிவான சொல் கேட்டது; கண்ணுடையோர் அதனை அடித்து விரட்டினர். அதன் கொலைகள் அதற்குப் பின்னரே தொடங்குகின்றன. ஆறாண்டுகளுக்குப் பின் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹாக் எழுதிய 'நீதிமானாக்கப்பட்ட பாவி'யின் கதையோ வேறு திசையில் சென்றது. மோட்சம் தனக்கு உறுதிசெய்யப்பட்டதென்று நம்பும் ஒருவன் அந்நம்பிக்கையையே அரணாகக் கொண்டு கொலைக்குத் துணிவதை அது சித்திரிக்கிறது. எனினும், அவனைத் தூண்டுவதற்குப் பிசாசின் சாயலுள்ள அந்நியன் ஒருவன் இன்னும் தேவைப்படுகிறான்.

டிக்கன்ஸிடம் காட்வினின் கொள்கை விசித்திரமான முரண்பாட்டை அடைகிறது. 1834ஆம் ஆண்டின் ஏழையர் சட்டத்தைச் சாடி எழுந்த 'ஆலிவர் ட்விஸ்ட்' (1837-39), ஏழையரை அடைத்துவைத்த கொடிய விடுதியே குற்றவாளிகளை ஆக்குகிறதென்று ஒரு புறம் முழங்கிவிட்டு, அதே விடுதியில் வளர்ந்த ஆலிவரை மாசு மறுவற்றவனாகவும், கனவான் வீட்டுப் பிள்ளையின் நாவன்மை உடையவனாகவும் படைக்கிறது. அந்தப் பேச்சு அவனுக்கு எங்கிருந்து வந்ததென்று டிக்கன்ஸைக் கேட்டுப் பயனில்லை. 'பிளீக் ஹவுஸ்' (1852-53) இதனினும் முதிர்ந்தது. தலைமுறை தலைமுறையாக நீளும் வாரிசு வழக்கொன்று, இறுதியில் சொத்து முழுவதும் வழக்குச் செலவிலேயே கரைந்துபோக முடிவடைகிறது. அதற்கு இன்னார்தாம் காரணமென்று ஒருவரையும் சுட்ட இயலவில்லை. தீமை அங்கே ஒரு ஸ்தாபனத்தின் நித்திய வழக்கமாகிவிட்டது.

ஸ்தாபனத்திலிருந்து மனச்சாட்சிக்குள் அதனைக் கொணர்ந்தவர் ஜார்ஜ் எலியட். ஸ்ட்ராஸின் இயேசு சரித்திரத்தை 1846இலும் ஃபாயர்பாக்கின் நூலை 1854இலும் ஜெர்மன் மொழியிலிருந்து பெயர்த்த அவ்வம்மையார், பிசாசையும் மறுமைத் தண்டனையையும் துறந்த பின்னரும், செய்த வினை தன் பயனைத் தராமல் ஒழியாது என்ற உறுதியைத் துறக்கவில்லை. அவருடைய 'மிடில்மார்ச்' (1871-72) நாவலில் வரும் வங்கி முதலாளி புல்ஸ்ட்ரோட், தர்மப் பிரபு, தினந்தோறும் பிரார்த்திப்பவர். திருட்டுப் பொருள்களை வாங்கிய அடகுக் கடையொன்றில் முற்காலத்தில் பங்காளியாயிருந்து, அக்கடைக்காரரின் விதவையை மணந்து, அவளுடைய மகள் இருக்குமிடம் தெரிந்திருந்தும் அதை மறைத்து, அச்செல்வத்தை எய்தியவர் அவர். தாம் தீயவழியில் செல்வதாக அவர் என்றைக்கும் நினைத்ததில்லை. ஈட்டிய பொருள் தெய்வ காரியத்துக்குத்தானே என்று ஒவ்வொரு படியிலும் தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவருடைய இரகசியமறிந்த ராஃபிள்ஸ் என்னும் குடியன் நோய்ப்பட்டு அவர் பொறுப்பில் கிடக்கிறான். மது கூடாது, அபினும் குறித்த அளவோடு நிறுத்தப்பட வேண்டும் என்பது வைத்தியரின் கட்டளை. காவலிருந்த பணிப்பெண்ணுக்கு மருந்தளவைச் சொன்ன புல்ஸ்ட்ரோட், எப்போது நிறுத்த வேண்டுமென்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார். நினைவு வந்த பின்னரும் போய்ச் சொல்லவில்லை. பிராந்தி வேண்டுமென்று அவள் வந்து கேட்கும்போது, சிறிது நேர மௌனத்துக்குப் பின் சாவியைக் கொடுத்துவிடுகிறார். பொழுது விடிந்த சில மணி நேரத்தில் நோயாளி மாய்கிறான். கை ஓங்கப்படவில்லை, பொய்யும் உரைக்கப்படவில்லை. எந்த நீதிமன்றமும் இதனைக் கொலையென நிறுவ முடியாது. ஆயினும் அது கொலையே என்பதை வாசகனைப் போலவே புல்ஸ்ட்ரோடும் அறிவார். நன்மையின் சித்திரமும் அங்கேயே இருக்கிறது: ஊர் தூற்றத் தொடங்கியதும், அவருடைய மனைவி தன் ஆபரணங்களைக் களைந்து, எளிய கறுப்பு உடை தரித்து, அவமானத்தைப் பங்கிட்டுக்கொள்ள அவரருகே வந்து அமர்கிறாள்.

இதனோடு ஒப்பிட, நூற்றாண்டின் கடைசிப் பகுதி ஒரு பின்வாங்கலாகவே தோன்றுகிறது. ஜெக்கில் முழு நல்லவர், ஹைட் முழுத் தீயவன் என்ற எளிய பிரிவினை மேடை கற்பித்தது. ரிச்சர்டு மான்ஸ்ஃபீல்டு 1887இல் பாஸ்டனிலும் மறு ஆண்டு லண்டனிலும் நடித்த நாடகம், நூலில் இல்லாத காதலியொருத்தியையும் ஜெக்கிலுக்குத் தந்தது. நூலிலுள்ள ஜெக்கிலோ இறுதிவரை கலப்பான மனிதரே. ஹைட்டின் உருவில் தீமை மாத்திரமே தனித்து நிற்கிறது. இந்த நுட்பத்துக்காக ஸ்டீவன்ஸனைப் போற்றலாம். ஆனால் அத்தீமைக்கு மருந்தும், வேறு உடலும், வேறு வாசலும் வேண்டியிருந்தன. ஆஸ்கார் ஒயில்டுக்கு (1890) ஓர் ஓவியம் வேண்டியிருந்தது. பிராம் ஸ்டோக்கருக்கோ (1897) தீமை கப்பலேறி அயல்நாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. ஹார்டி மட்டும் 1891இல், சமூகம் வீழ்ந்தவளென்று ஒதுக்கிய டெஸ்ஸைத் தூய பெண்ணென்று நாவலின் துணைத் தலைப்பிலேயே அறிவித்து, தீர்ப்பளிப்போரையே கூண்டில் ஏற்றினார்.

ஜெக்கிலைத் திரையில் கண்டு திருப்தியடைந்த அன்பர்கள், 'மிடில்மார்ச்' முழுவதையும் படிக்க அவகாசமில்லாவிடினும், 61ஆம் அத்தியாயம் முதல் 74ஆம் அத்தியாயம் வரையிலான பகுதியையேனும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டுகிறோம்.