உத்திரமேரூர் வட்டாரத்தில் புழக்கடை வாத்து வளர்ப்பு

காஞ்சிபுரம் மாவட்டத்தில், செய்யாறு பாலாற்றோடு கூடும் திருமுக்கூடலுக்குத் தெற்கே விரியும் உத்திரமேரூர் வட்டாரம் ஏரிப்பாசனப் பூமி. பேரேரியைச் சோழர் காலக் கல்வெட்டுகள் வைரமேக தடாகம் என்கின்றன. குடவோலை முறையைச் சொல்லும் முதலாம் பராந்தகனின் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஏரியைப் பராமரிக்க ஏரி வாரியம் என்று தனி வாரியமே உண்டு. பேரேரியைச் சுற்றிச் சிற்றேரிகள், தாங்கல்கள், குட்டைகள்; அவற்றின் கீழ் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல். தண்ணீரும் நத்தையும் சிந்திய நெல்லும் கிடைக்கும் இடத்தில் வாத்து வளர்வது இயல்பு. ஊருக்குச் சில வீடுகளில் நாலைந்து முதல் பத்துப் பதினைந்து வரை வாத்துகள் புழக்கடையில் நிற்கும். அறுப்பு முடிந்த கழனிகளில் ஆயிரக்கணக்கான வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் பட்டிக்காரர்களின் தொழில் வேறு. இக்கட்டுரை முதல் வகையைப் பற்றியது. ஆனால் நோய் என்று வரும்போது இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

வாத்துக்கு நோயே வராது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோழியை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல் வாத்தைப் பெரும்பாலும் அசைப்பதில்லை, மழையில் நனைந்தாலும் வாத்து சோர்வதில்லை, அம்மையும் அரிது. பேச்சுக்குக் காரணம் இதுதான். ஆனால் வாத்துக்கென்றே உள்ள நோய்கள் வந்தால் ஒரு வாரத்தில் புழக்கடை காலியாகும். வாத்து வளர்ப்பில் வரும் இழப்புகளில் பெரும்பகுதி இந்த நம்பிக்கையால் வருவதே.

இனங்கள்

வடதமிழகத்தின் நாட்டு வாத்துகளை இறகின் நிறத்தைக் கொண்டு சன்யாசி, கீரி என்று வளர்ப்போர் பிரித்துச் சொல்வார்கள். பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி வாத்து பெயர் பெற்றது. முட்டைக்கென்றே வளர்க்கும் காக்கி கேம்பல், 1900 வாக்கில் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷையரில் அடெல் கேம்பல் என்ற பெண்மணி உருவாக்கிய இனம். நல்ல தீனி கிடைத்தால் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். நாட்டு வாத்து அதில் பாதியைத் தொட்டாலே நல்ல வாத்து. இருந்தும் தீனியை விலைக்கு வாங்க மனமில்லாத வீட்டுக்கு நாட்டு வாத்தே ஏற்றது. மேய்ந்து திரிந்து தன் வயிற்றைத் தானே பார்த்துக்கொள்ளும், வெயிலுக்கும் பழகியது. மணிலா வாத்து தனி வகை. அது தானே அடைகாக்கும், அதிகம் கத்தாது. இறைச்சிக்காகச் சிலர் வளர்க்கிறார்கள்.

ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் போதும். ஆண் மிகுந்தால் பெட்டைகளை மாறி மாறி மிதித்து முதுகையும் பிடரியையும் புண்ணாக்கிவிடும். பருவம் வந்த ஆணுக்கு வால்மேல் இறகு மேல்நோக்கிச் சுருண்டிருக்கும், குரல் கம்மும். உரக்கக் கத்துவது பெட்டை.

கூடும் தண்ணீரும்

இரவில் அடைக்காத வாத்து நிலைக்காது. நாய், நரி, காட்டுப்பூனை, மரநாய், கீரிப்பிள்ளை என்று வாத்துக்கு எதிரி பல. வளர்ந்த ஒரு வாத்துக்கு மூன்று நான்கு சதுர அடி இடம் வேண்டும். கீற்றுக் கொட்டகையே போதும். ஆனால் தரை மேடாக இருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் கொட்டகைக்குள் தண்ணீர் நின்றால் காலிலும் நெஞ்சிலும் புண் வரும். உமியோ வைக்கோலோ பரப்பி, நனைந்ததை அவ்வப்போது வாரிப்போட வேண்டும். வாசலை அகலமாக வைப்பது நல்லது. கதவைத் திறந்ததும் வாத்துகள் ஒன்றாக முண்டியடித்து வெளியேறும். குறுகிய வாசலில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால் ஒடியும். உடலுக்கு வாத்தின் கால் எலும்பு மெல்லியது. அதனால்தான் பழகிய கை வாத்தைக் காலைப் பிடித்துத் தூக்காது. ஒரு கையால் கழுத்தைப் பதமாகப் பிடித்து, மறு கையை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கும். வாத்துகள் பெரும்பாலும் விடியுமுன் தொடங்கிக் காலை ஒன்பது மணிக்குள் முட்டையிட்டு முடிக்கும். அதுவரை அடைத்து வைத்தால் முட்டை கொட்டகையில் கிடைக்கும். முன்னரே திறந்துவிட்டால் வரப்பிலும் வாய்க்காலிலும் தேட வேண்டியதுதான்.

வாத்துக்குக் குளம் கட்டாயமில்லை. ஆனால் அலகு முழுதும், நாசித்துளை வரை முங்கும் ஆழத்தில் தண்ணீர் எப்போதும் வேண்டும். தலையை அமிழ்த்தி மூக்கையும் கண்ணையும் அது கழுவிக்கொள்கிறது. கோழிக்கு வைக்கும் தட்டைக் கிண்ணத்தில் அது நடக்காது. தவிடு நாசியில் அடைக்கும், கண்ணில் பீளை கட்டும். அரை அடி ஆழமுள்ள அகலத் தொட்டியைக் கொட்டகைக்கு வெளியே, மணல் கொட்டிய இடத்தில் வைத்து, தினம் ஒருமுறையாவது கவிழ்த்துக் கழுவி நிரப்ப வேண்டும். இப்படி மாற்றும் ஒரு தொட்டித் தண்ணீர், எச்சம் ஊறிய குட்டையைவிட மேல். சித்திரை, வைகாசி வெயிலில் புங்க மரத்து நிழலும் இந்தத் தொட்டியும் இருந்தால் வாத்து தாங்கிவிடும்.

குஞ்சுகள்

வாத்து முட்டை பொரிக்க 28 நாள், மணிலா வாத்துக்கு 35. நாட்டு வாத்தும் காக்கி கேம்பலும் ஒழுங்காக அடையில் உட்காருவதில்லை என்பதால் அடைக்கோழியிடம்தான் வைப்பார்கள். பத்து முட்டை வரை அது அணைக்கும். கோழிக்கு 21 நாளில் வேலை முடிந்துவிடும். இங்கே இன்னும் ஒரு வாரம் உட்கார வேண்டியிருப்பதால் தீனியும் தண்ணீரும் கூட்டுக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். கடைசி நாட்களில் முட்டைமேல் வெதுவெதுப்பான தண்ணீரை இலேசாகத் தெளிப்பது பழைய வழக்கம். ஓடு உலராமல் இருக்க அது உதவும்.

தாய் வாத்தின் அணைப்பில் வளரும் குஞ்சுக்கு அதன் இறகு எண்ணெய் ஒட்டும். கோழியிடமோ பொறியிலோ பொரித்த குஞ்சுக்கு அது கிடைக்காது. தண்ணீரில் விட்டால் உடல் நனைந்து விறைத்துச் செத்துப்போகும். முதல் மூன்று நான்கு வாரம் நீச்சல் வேண்டாம். குடிதண்ணீர்ச் சட்டியில் கூழாங்கல் போட்டு வைத்தால் அலகு நனையும், உடல் இறங்காது. முதல் வாரம் 32 டிகிரி செல்சியஸ் அளவு சூடு வேண்டும். பிறகு வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுகள் குவியலாக ஒட்டிக்கிடந்தால் குளிர்; சூட்டுக்குப் போட்ட பல்பை விட்டு ஒதுங்கி வாயைத் திறந்தால் வெப்பம்.

தீனி

தவிடு, நொய், சமையலறை மிச்சம், கீரைத் தண்டு, அசோலா, நத்தை ஆகியவையே புழக்கடை வாத்தின் சாப்பாடு. உலர்ந்த மாவை அப்படியே கொட்டக் கூடாது, தொண்டையில் சிக்கும். தண்ணீர் விட்டுப் பிசைந்து, ஒரு வேளைக்குத் தின்று தீர்க்கும் அளவே வைக்க வேண்டும். மிஞ்சியது புளித்துவிடும். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளோ நத்தை ஓடோ தேவை.

குஞ்சுக்கு நயாசின் என்னும் பி வகை வைட்டமின் கோழிக்குஞ்சைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். வெறும் நொய்யிலும் சோற்றிலும் வளர்ந்த குஞ்சின் கால் வளைந்து, கணுக்கால் மூட்டு வீங்கி, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். இதை வாதம் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் உண்டு. தீனியில் ஈஸ்ட் தூள் சேர்த்தாலும், உப்பு நீக்கிய கருவாட்டுத் தூளும் புழு பூச்சியும் கிடைத்தாலும் இக்குறை வராது. தொடக்கத்திலேயே கண்டால் திருத்தவும் முடியும்.

இவ்வட்டாரத்தில் தீனியால் வரும் பெரிய ஆபத்து பூசணம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வேர்க்கடலைப் புண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் அஸ்பெர்ஜில்லஸ் பூசணம் பிடித்து அஃப்லடாக்சின் என்ற நச்சைச் சுரக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் கூட்டமாகச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. நச்சுக்கு இப்பெயர் வந்ததும் அந்த ஆய்வின் முடிவில்தான். அதைக் கண்டறியும் சோதனைக்கு ஆய்வாளர்கள் பயன்படுத்தியது வாத்துக்குஞ்சை. மிகச் சிறிய அளவுக்கும் அதன் ஈரல் கெட்டுவிடும். மாடு தின்று சமாளிக்கும் புண்ணாக்கை வாத்து சமாளிக்காது. காய வைத்தால் பூசணம் மறையும், நச்சு மறையாது. கொதிக்க வைத்தாலும் போகாது. கட்டி பிடித்த, முடைநாற்றம் வீசும் புண்ணாக்கைத் தூக்கி எறிவதைத் தவிர வழியில்லை.

நோய்கள்

வாத்துக்கு எமன் வாத்துக் கொள்ளை நோய். ஹெர்பிஸ் குடும்ப வைரசால் வருவது. 1923இல் நெதர்லாந்தில் முதலில் பதிவானது. இந்தியாவில் 1960களில் மேற்கு வங்கத்தில் கண்டறிந்தார்கள். நோயுற்ற வாத்து வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண்ணை மூடிக்கொள்ளும், இமைகள் ஒட்டும், மூக்கு ஒழுகும், இறக்கை தொங்கும். தண்ணீரையே தேடி நிற்கும். பச்சை நிறத்தில், சில சமயம் இரத்தம் கலந்து கழியும். சில வாத்துகள் எந்த அறிகுறியும் காட்டாமல் காலையில் செத்துக் கிடக்கும். மருந்து கிடையாது. எட்டு வாரத்தில் தடுப்பூசி போட்டு, ஆண்டுதோறும் மறுபடி போட்டால் பாதுகாப்பு உண்டு. கோழிக்குப் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி இதற்கு உதவாது. வாத்துத் தடுப்பூசி பல வாத்துகளுக்கான அளவில் ஒரே குப்பியாக வரும். கலக்கிவிட்டால் உடனே போட்டு முடிக்க வேண்டும். ஐந்து வாத்து வைத்திருப்பவர் தனியாகக் கேட்டால் கிடைப்பது கடினம். தெருவில் உள்ள வாத்துகளைக் கணக்கிட்டுச் சேர்ந்து கால்நடை மருந்தகத்தில் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது.

வாத்துக் காலரா பாக்டீரியா நோய். காய்ச்சல், வேகமான மூச்சு, வாயில் சளி, மூட்டு வீக்கம், கழிச்சல் தெரியும். எலியும் கெட்ட தண்ணீரும் பரப்பும். தொடக்கத்தில் மருத்துவர் தரும் மருந்து பலன் தரும். கொள்ளை நோயிலிருந்து இதைப் பிரித்தறிய வீட்டில் கவனிக்கக்கூடிய ஒன்று உண்டு: கொள்ளை நோய் வாத்து இனத்தைத் தவிர மற்றதைத் தொடாது. கூடவே திரியும் கோழிகள் நன்றாக இருக்க வாத்துகள் மட்டும் மடிந்தால் கொள்ளை நோயை முதலில் சந்தேகிக்க வேண்டும். கோழியும் சேர்ந்து சாகிறதென்றால் காலரா, பறவைக் காய்ச்சல், விஷம் ஆகியவற்றை நினைக்க வேண்டும். இது முடிவான தீர்ப்பல்ல. ஆனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய முதல் தகவல்.

கோடையில் ஏரி வற்றி மீன் செத்து அழுகும்போது இன்னொன்று வரும். அழுகலிலும் அதில் நெளியும் புழுவிலும் பொட்டுலிசம் நச்சு ஊறியிருக்கும். தின்ற வாத்துக்கு முதலில் கால் துவளும், பிறகு கழுத்தைத் தூக்க முடியாமல் தரையில் கிடத்தும். தண்ணீரில் இருந்தால் மூழ்கிச் சாகும். வற்றும் குட்டைப் பக்கம் வாத்தை விடாததே வைத்தியம்.

குடற்புழு நீக்க மருந்தை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கொடுக்க வேண்டும். நத்தை தின்னும் பறவைக்கு இது அவசியம்.

பறவைக் காய்ச்சல் தனியாகப் பேச வேண்டியது. ஆலப்புழை மாவட்டத்தில் 2014, 2016, 2021, 2024 ஆண்டுகளில் அது வாத்துக் கூட்டங்களைத் தாக்கி, பெரும் எண்ணிக்கையில் வாத்துகளை அழிக்க வேண்டி வந்தது. உத்திரமேரூருக்கு ஆலப்புழை தொலைவு. ஆனால் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பக்கத்து மதுராந்தகம் வட்டத்தில் இருக்கின்றன. இரண்டும் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சரணாலயங்கள். பனிக்காலத்தில் வடக்கிலிருந்து ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் வருகின்றன; இரை தேடிச் சுற்றிலுமுள்ள ஏரிகளில் இறங்குகின்றன. நீர்ப்பறவைகள் நோய்க்குறி காட்டாமலே இந்த வைரசைச் சுமக்க முடியும். இதற்காக வலசைப் பறவைகளை வெறுக்க வேண்டியதில்லை. தலைமுறைகளாக இவ்வட்டாரத்து மக்கள் காத்த பறவைகள் அவை. கார்த்திகை முதல் மாசி வரை வளர்ப்பு வாத்தை ஏரியில் விடாமல் புழக்கடைத் தொட்டியோடு நிறுத்திக்கொண்டால் இரண்டும் பிழைக்கும்.

கழனியில்

நடவு முடிந்த கழனியில் வாத்து இறங்கினால் நாற்றைச் சாய்க்கும். கதிர் வந்த கழனியில் நெல்லைத் தின்னும். அறுப்புக்குப் பின்னுள்ள தாளடியே அதற்கு ஏற்ற மேய்ச்சல். பூச்சிமருந்தோ குருணை மருந்தோ இட்ட கழனியின் வடிகால் தண்ணீர்கூட ஆபத்து. அக்கம்பக்கத்தில் யார், எப்போது மருந்து இட்டார்கள் என்று கேட்டுவிட்டு விடுவது நல்லது. ஊருக்கு வெளியே பட்டி இறங்கியிருக்கும் நாட்களில் அதே வாய்க்காலில் வீட்டு வாத்தை விடக் கூடாது. பல மாவட்டத் தண்ணீரில் மேய்ந்து வந்த கூட்டத்தில் ஒன்றிரண்டு நோய் சுமந்தாலும் ஓடும் தண்ணீர் அதைக் கொண்டுவந்து சேர்க்கும். பட்டியிலோ சந்தையிலோ வாங்கிய வாத்தை மூன்று வாரம் தனியே அடைத்துப் பார்த்த பிறகே பழைய வாத்துகளோடு சேர்க்க வேண்டும்.

ஒரே நாளில் இரண்டு மூன்று வாத்து செத்தால் அவற்றை அறுத்துச் சமைப்பதும், ஏரியிலோ வாய்க்காலிலோ வீசுவதும் கூடவே கூடாது. வெறுங்கையால் தொடாமல், பாலித்தீன் பையில் கட்டி நிழலில் வைத்து, அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ சொல்ல வேண்டும். வெயிலில் அரை நாள் கிடந்த உடலைப் பரிசோதித்து எந்த நோய் என்று சொல்வது கடினம். பரிசோதனை முடிந்ததும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடலாம்.