உலாவியிற் சோதனையும் ஓர் ஊர்ப்பெயரும்: அலகுச் சோதனைச் சட்டகங்களின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தொழில்நுட்பக் கருவிகளின் வரலாற்றை எழுதுவோர், அவற்றை ஆக்கியோரின் மதிநுட்பத்தை வியந்து அமைதல் பெருவழக்கு. எத்தகைய சமூகத் தேவை அக்கருவியை வேண்டி நின்றது, அதன் பயன் யாரைச் சென்றடைந்தது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. உலாவிகளில் இயங்கும் நிரல்களைப் பரிசோதிப்பதற்கான அலகுச் சோதனைச் சட்டகங்களின் வரலாற்றை இவ்வினாக்களின் அடிப்படையில் நோக்குவதும், அத்தகைய சட்டகமொன்றைத் தமிழ் எழுத்துக்கென அமைக்கையில் எழும் பிரச்சினையை அல்லைப்பிட்டி என்னும் ஊர்ப்பெயரைக் கொண்டு விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நிரலின் மிகச் சிறிய கூறொன்றைத் தனியே பிரித்தெடுத்து, தெரிந்த உள்ளீடொன்றை அதற்கு வழங்கி, கிடைக்கும் விடையை எதிர்பார்த்த விடையோடு ஒப்பிடுதலே அலகுச் சோதனை எனப்படும். இவ்வாறான நூற்றுக்கணக்கான சோதனைகளைத் திரட்டி, ஒவ்வொன்றுக்கும் முன்னர் பக்கத்தைப் புதிதாக ஆயத்தஞ் செய்து, முடிந்ததும் துப்புரவாக்கி, தவறியவற்றைத் தொகுத்து அறிவிக்கும் அமைப்பே சட்டகமாகும். இலக்கிய மாணவருக்கு இம்முறை முற்றிலும் அந்நியமானதன்று. சி. வை. தாமோதரம்பிள்ளை முதலியோர் ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடங்களைத் தெளிந்தமையும் இத்தகைய ஒப்பீடே. பதிப்பாசிரியர் பதிப்புக்கு ஒருமுறை ஒப்புநோக்குவார்; நிரலிலோ ஒரு வரி மாறினும் ஒப்பீடு முழுவதும் மீள நிகழ்த்தப்படல் வேண்டும். அதனாலேயே அவ்வேலை பொறியிடம் ஒப்படைக்கப்பட்டது.

கென்ற் பெக் சிமோல்ரோக் மொழிக்கான சோதனை முறையை விளக்கும் கட்டுரையை 1994இல் வெளியிட்டார். 1997இல் அவரும் எரிக் காமாவும் யாவா மொழிக்கு ஜேயுனிற் என்னும் சட்டகத்தை ஆக்கினர். இவை நிரலாளரின் கட்டுப்பாட்டிலுள்ள கணினியில் இயங்கின. உலாவி நிரலின் நிலை வேறு. அது வாசகரின் கணினியில், அவர் தெரிந்துகொண்ட உலாவியிலே இயங்குவது. நெற்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் 1995ஆம் ஆண்டு மே மாதத்திற் பத்தே நாள்களில் யாவாஸ்கிரிப்ற் மொழியின் முதல் வடிவத்தை ஆக்கினார். 1996இல் மைக்ரோசொஃப்ற் தனது உலாவியில் அம்மொழியின் வேறொரு வடிவத்தைப் புகுத்தியது. பொது நியமம் 1997இலேதான் வெளிவந்தது. நியமத்துக்கு முன்னரே சந்தைப் போட்டி தொடங்கிவிட்டது என்பது மனங்கொள்ளத்தக்கது. வாடிக்கையாளரைத் தம்வயப்படுத்த முனைந்த நிறுவனங்களுக்கு இவ்வேறுபாடுகள் ஆயுதமாயின. ஆனால் ஒரே செயற்பாட்டை இருமுறை எழுதி, இருமுறை சோதிக்கும் சுமை நிரலாளரின் உழைப்பின்மீதே விழுந்தது.

இம்முரண்பாட்டின் விளைவாகவே உலாவிச் சோதனைச் சட்டகங்கள் தோன்றின. எட்வேட் ஹியற் 2001இல் தொடங்கிய ஜேஎஸ்யுனிற், 2004இல் ஜேசன் ஹகின்ஸ் தொடங்கிய செலினியம், ஜோன் ரெசிக்கின் ஜேகுவெரித் திட்டத்திலிருந்து 2008இல் தனிப்பெயர் பெற்ற கியூயுனிற், 2010இல் வந்த ஜஸ்மின் ஆகியன இவ்வரிசையிற் குறிப்பிடத்தக்கவை. 2012இல் வொய்ற்றா யீனா உருவாக்கிய கார்மா, பல உலாவிகளை ஒருசேரத் திறந்து, அவை அனைத்துக்கும் ஒரே சோதனையை அனுப்பி, விடைகளை ஓரிடத்திற் சேர்த்தது. இவை யாவும் மூலநிரலோடு பொதுவில் வழங்கப்பட்டன. போட்டி பிரித்து வைத்ததை உழைப்பாளரின் கூட்டுறவு இணைக்க முயன்றது எனலாம். எனினும் இதனை மிகைப்படுத்தலாகாது. கார்மா வளர்ந்தது கூகுள் நிறுவனத்தின் அரவணைப்பிலேயே. 2023இல் அது கைவிடப்பட்டது. 2020இல் வந்த பிளேறைற் மைக்ரோசொஃப்ற்றின் ஆக்கம். பொதுவுடைமையான கருவியின் ஆயுளையும் மூலதனமே பெரிதும் நிர்ணயிக்கிறது.

சட்டகம் சோதனையை நடத்துமேயன்றி எதிர்பார்க்கும் விடையைத் தானே அறியாது. அவ்விடையை எழுதுபவர் மனிதர். அவர் ஒரு மொழியையும் ஒரு சமூகத்தையும் சார்ந்தவர். அல்லைப்பிட்டியின் முக்கியத்துவம் இவ்விடத்திலேயே தெளிவாகின்றது. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து ஊர்காவற்றுறை நோக்கிச் செல்வோர் வேலணைத் தீவின் கிழக்கு முனையிற் காணும் ஊர் இது. 1977இல் இங்கு வெளிப்பட்ட சீனச் சொங் அரசமரபுக் கால மட்பாண்ட ஓடுகள், உலக வணிகத்தின் பாதையில் இக்கரை முன்னரே இருந்ததைக் காட்டின. 1990இலும் 2006இலும் போரினால் இடம்பெயர்ந்த இவ்வூர் மக்களுக்குக் காணிப் பத்திரத்திலும் பிறப்புச் சான்றிதழிலும் ஊர்ப்பெயர் பிழையின்றி நிற்றல் வெறும் எழுத்துப் பிரச்சினையன்று. அது உரிமைப் பிரச்சினை.

அல்லைப்பிட்டி என்னும் பெயரில் எழுத்துகள் எத்தனை? அ, ல், லை, ப், பி, ட், டி என ஏழு எனத் தமிழ் மாணவர் விடை கூறுவர். யாவாஸ்கிரிப்ற்றின் நீளக் கணக்கோ பதின்மூன்று என்கிறது. யுனிகோட்டின் தமிழ்ப் பகுதி 1988ஆம் ஆண்டின் இந்திய நியமமான இஸ்கியைத் தழுவியது. மெய்யும் உயிர்மெய்யும் அதில் தனியெழுத்துகளல்ல. அகரமேறிய மெய்யோடு புள்ளியோ உயிர்க்குறியோ சேர்வதாகவே அவை பதியப்படுகின்றன. படிவமொன்றின் கட்டத்தில் பத்துக் குறிகளே அடங்கும் என நிரலாளர் வரையறுப்பின், எஞ்சுவது ‘அல்லைப்பிட’. அப்படியோர் ஊர் இல்லை. ஆங்கிலப் பெயர்களை மட்டுங் கொண்டு எழுதப்பட்ட சோதனைகள் இந்நிரலைக் குறையற்றதென அறிவித்துவிடும்.

எழுத்தெல்லைகளை அறியும் செக்மென்ரர் என்னும் வசதி பின்னர் நியமத்திற் சேர்ந்தது. அதன்படி எண்ணினால் ஏழு என்னும் விடை கிடைக்கும. குரோம் 2020இல் அதனை ஏற்றது, சபாரி 2021இல், ஃபயர்பொக்ஸ் 2024ஆம் ஆண்டு ஏப்ரலிலேதான். குரோமின் இயந்திரத்தையே பயன்படுத்தும் நோட் சூழலில், உலாவிக்கு வெளியே மட்டும் சோதித்த ஒருவர் அனைத்தும் சரியெனக் கண்டிருப்பார். ஃபயர்பொக்ஸ் வாசகரிடமோ நிரல் தடைப்பட்டிருக்கும். ஆகவே தமிழுக்கான சட்டகத்தை அமைப்போர் மெய்யான உலாவிகள் ஒவ்வொன்றிலும் சோதனையை இயக்குதல் இன்றியமையாதது.

சோதனைத் தரவிலும் கவனம் வேண்டும். ‘தோணி’ என்னும் சொல்லின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும், ஏகாரக் குறியும் காலுமாகப் பிரித்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நேரடி ஒப்பீட்டில் வேறு வேறு. முதலில் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்த பின்னரே ஒப்பிடல் வேண்டும். அகரவரிசையும் அவ்வாறே. ‘அல்லை’ என்பது ‘அலை’க்கு முன் வருவதே அகராதி மரபு, குறியெண்களின்படி வரிசைப்படுத்தும் இயல்பான முறையில் ‘அலை’ முந்திவிடுகிறது.

இவற்றைத் தமிழுக்கெதிரான சதியெனக் கொள்வது ஆய்வாகாது. சோதனை எழுதுவதும் உழைப்பே. இலாபம் தரும் சந்தை எங்குளதோ அங்கேயே அவ்வுழைப்பு முதலிற் செலவிடப்படுகிறது. தீவகத்தின் ஊர்ப்பெயர்கள் அச்சந்தையின் கணக்கில் இடம்பெறவில்லை. ஆயின் சட்டகங்கள் பொதுவில் உள்ளன. எதிர்பார்க்கும் விடையை எழுதும் உரிமை எவருக்கும் மறுக்கப்படவில்லை. எழுத்திலக்கணம் அறிந்தோரும் நிரல் அறிந்தோரும் ஒருங்கிருந்து, நமது ஊர்ப்பெயர்களைச் சோதனைத் தரவாகத் தொகுத்துப் பொதுவில் வைத்தல் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஏற்ற பணியாகும். ஏழு என்னும் விடையை நாம் எழுதி வைக்காவிடின், பதின்மூன்றே சரியான விடையாக நிலைத்துவிடும்.