எம்டன்: சிதைந்த கப்பலும் நிலைத்த சொல்லும்

முன்னுரை

முதல் உலகப்போரின் தொடக்கத்தில் இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ இரண்டு திங்களே உலவிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன். அதன் பெயர் தமிழில் பொதுச்சொல்லாக இன்றும் வழங்குகிறது. கப்பலின் வரலாற்றையும் அதன் சிதைவின் நிலையையும் தொகுத்துரைத்து, மக்கள் வழக்கு அவ்வரலாற்றுக்கு எவ்வளவு சான்றாகும் என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கப்பலும் சென்னைத் தாக்குதலும்

டான்சிக் கப்பல்தளத்தில் கட்டப்பட்ட எம்டன் 1908இல் நீரில் இறக்கப்பட்டது; 1909இல் கடற்படையில் சேர்ந்தது. 10.5 செ.மீ. பீரங்கிகள் பத்துடைய சிறு போர்க்கப்பலே அது. சீனத்துச் சிங்தாவைத் தளமாகக் கொண்ட அணியிலிருந்து 1914 ஆகஸ்டில் பிரிந்து, கார்ல் வான் முல்லரின் தலைமையில் வங்கக்கடலுக்கு வந்தது. மூன்று புகைபோக்கிகளுடன் போலியாக நான்காவது ஒன்றை நிறுத்தி ஆங்கிலேயக் கப்பல்போல் தோற்றமளித்தது. 20க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தது. அவற்றுள் பலவற்றை மூழ்கடித்தது.

1914 செப்டம்பர் 22 இரவு சென்னையை நெருங்கிய எம்டன் ஏறத்தாழ 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. துறைமுகத்தில் நின்ற கப்பலொன்று சேதமுற்றது, உயிரிழப்பும் நேர்ந்தது. அரைமணி நேர அளவில் தாக்குதல் முடிந்தது. பொருட்சேதத்தினும் அச்சமே பெரிதாயிற்று. மக்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள நினைவுக்கல் அந்நிகழ்ச்சிக்குச் சான்றாக நிற்கிறது.

அழிவும் சிதைவும்

அக்டோபர் 28 அன்று பினாங்கில் உருசியப் போர்க்கப்பலான செம்சுக்கையும், பிரெஞ்சுக் கப்பலான முஸ்கேயையும் எம்டன் மூழ்கடித்தது. நவம்பர் 9 அன்று கொக்கோசுத் தீவின் தந்தி நிலையத்தை அழிக்க வீரர்களைக் கரையிறக்கியபோது, நிலையத்தார் அனுப்பிய செய்தியறிந்து ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி விரைந்து வந்தது. அதன் பெரிய பீரங்கிகளுக்கு எம்டனால் ஈடுகொடுக்க இயலவில்லை. கப்பல் மூழ்குவதைத் தவிர்க்க முல்லர் அதனை வடகீலிங் தீவின் பவளப் பாறைமீது ஏற்றினார். 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1950களில் ஜப்பானிய நிறுவனமொன்று இரும்புக்காகக் கப்பலை உடைத்தெடுத்தது. எஞ்சிய பகுதிகளை ஆஸ்திரேலியச் சட்டம் காக்கிறது.

சொல்லும் சான்றும்

தமிழில் ‘எம்டன்’ என்பது சூழ்ச்சியும் துணிவும் மிக்கவனைக் குறிக்கும். 2006இல் வெளிவந்த ‘எம் மகன்’ திரைப்படத்துக்கு முதலில் இடப்பட்ட பெயர் ‘எம்டன் மகன்’ என்பதாகும். மலையாளத்தில் ‘எமண்டன்’ பேருருவைச் சுட்டும். அதனையும் இக்கப்பலோடு தொடர்புபடுத்துவர். கப்பலோ உருவில் சிறியது. எனவே இச்சொற்பொருள் கப்பலின் அளவை அன்று, கரையோர மக்களின் அச்சத்தையே அளந்து காட்டுகிறது எனலாம்.

எம்டனில் செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்னும் செய்தியும் பரவலாக எழுதப்படுகிறது. போர் தொடங்கிய காலத்தில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் இந்திய விடுதலைக்கான குழுவை அமைத்துச் செயற்பட்டார். பின்னர் பெர்லின் சென்றார். எம்டனோ கிழக்காசியக் கடலிலிருந்து நேரே வந்தது. ஆகவே அச்செய்தி பொருந்துமாறில்லை. அக்கதையை உண்மையெனக் கொள்வது, ஐரோப்பாவில் அவர் ஆற்றிய மெய்யான பணியை மறைத்துவிடுகிறது.

முடிவுரை

கப்பலின் பெரும்பகுதி இரும்பாக விலைபோயிற்று. பெயர் தமிழில் தங்கிற்று. அச்சொல் அன்றைய மக்கள் மனநிலைக்கு நேர்ச்சான்று. நிகழ்ச்சிகளுக்கோ ஆவணமே சான்று. இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் தமிழாய்வாளர் கடனாகும்.