கொடியை எரித்த மெட்டு, கொடி பிடித்த மெட்டு

மெட்டாலிகா கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. 1991-ல் வந்த அவர்களுடைய கறுப்பு ஆல்பத்தில் 'டோன்ட் ட்ரெட் ஆன் மீ' என்று ஒரு பாட்டு இருக்கிறதே, அதன் ஆரம்பத்தில் கிடாரில் ஒரு மெட்டு வருமே, அது யாருடையது?

எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. ஹாஸ்டலில் பக்கத்து அறை நண்பன் காலை ஆறு மணிக்கே அதை அலற விடுவான். மெட்டாலிகாவின் சொந்தச் சரக்கு என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள், மறுநாள் காஸ்ட் அக்கவுண்டிங் தேர்வை வைத்துக்கொண்டு 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்ற 1961-ம் வருடத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் (தேர்வு என்ன ஆனது என்று கேட்காதீர்கள்). மொட்டை மாடியில் ஒரு கும்பல் ஆடுகிறது. அதே மெட்டு! தூக்கிவாரிப் போட்டது. அன்றிலிருந்து தோண்ட ஆரம்பித்ததுதான் இந்தக் கதை.

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' முதலில் மேடை நாடகம். 1957 செப்டம்பர் 26 அன்று நியூயார்க் பிராட்வேயில் அரங்கேறியது. இசை லெனார்ட் பெர்ன்ஸ்டைன், பாட்டு எழுதியவர் அப்போது 27 வயதே ஆன ஸ்டீபன் சோண்ட்ஹைம், கதை வசனம் ஆர்தர் லாரன்ட்ஸ், நடனமும் இயக்கமும் ஜெரோம் ராபின்ஸ். ரோமியோ ஜூலியட் கதைதான். இரண்டு குடும்பங்களுக்குப் பதில் இரண்டு தெரு கோஷ்டிகள். ஜெட்ஸ் என்பவர்கள் வெள்ளைக்காரப் பையன்கள். ஷார்க்ஸ் என்பவர்கள் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

'அமெரிக்கா' பாட்டு ஷார்க்ஸ் பக்கத்துப் பெண்களுடையது. ஒருத்திக்கு ஊர் ஞாபகம், திரும்பிப் போக வேண்டும். அனிதா என்பவளுக்கு மன்ஹாட்டன்தான் சொர்க்கம், ஊரைக் கிண்டல் செய்கிறாள். படமாக எடுத்தபோது இதை ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடக்கும் சண்டையாக மாற்றினார்கள். பெண்கள் அமெரிக்காவைப் புகழப் புகழ, ஆண்கள் அங்கே தங்களுக்கு என்ன மரியாதை கிடைக்கிறது என்று எதிர்ப்பாட்டு பாடுவார்கள். என்னைக் கேட்டால் படத்தில் இருப்பதுதான் காரம்.

மெட்டின் விசேஷம் தாளத்தில் இருக்கிறது. நம் ஊர்ச் சொல்லில் சொன்னால் 'தகிட தகிட தக தக தக'. ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பாட்டே வந்துவிடும். மூன்று மூன்றாக இரண்டு, உடனே இரண்டு இரண்டாக மூன்று. கணக்கு ஆறும் ஆறும்தான், ஆனால் கால் தடுக்கிக்கொண்டே இருக்கும். ஒரே வீட்டில் இரண்டு பேர் வாக்குவாதம் செய்வது மாதிரி.

இனி ராக் ஆட்கள். லண்டனில் 'தி நைஸ்' என்று ஒரு குழு. அதில் ஆர்கன் வாசித்தவர் கீத் எமர்சன். இவர் ஆர்கனை வாசிப்பதோடு நிற்க மாட்டார், அதைப் புரட்டுவார், மேலே ஏறுவார், கட்டைகளுக்கு நடுவே கத்தியைச் செருகுவார். கத்தியைச் செருகினால் அமுக்கிய கட்டை மேலே எழும்பாது, சுரம் விடாமல் அலறிக்கொண்டே இருக்கும், கை இரண்டும் ஃப்ரீ! அந்தக் கத்திகளைக் கொடுத்தது குழுவுக்கு மூட்டை தூக்கிக்கொண்டிருந்த லெம்மி என்ற இளைஞர். பின்னாளில் மோட்டர்ஹெட் ஆரம்பித்து உலகத்தின் காதைக் கிழித்த அதே லெம்மிதான்.

1968-ல் இவர்கள் 'அமெரிக்கா'வை எடுத்து வார்த்தைகளை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். தடுக்கும் தாளத்தை நேரான ராக் அடியாக நிமிர்த்தி, நடுவில் த்வோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' சிம்ஃபொனியிலிருந்து ஒரு துண்டைச் சொருகி, ஆறு நிமிடத்துக்கு மேல் அடித்து நொறுக்கினார்கள். தலைப்போடு 'செகண்ட் அமெண்ட்மென்ட்' என்ற வாலும் உண்டு. துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத் திருத்தம் அது. அந்த வருடம் ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங்கைச் சுட்டார்கள், ஜூனில் ராபர்ட் கென்னடியைச் சுட்டார்கள், வியட்நாமில் குண்டுமழை. வார்த்தையே இல்லாத எதிர்ப்புப் பாட்டு என்று எமர்சன் இதைச் சொன்னார். பிரிட்டிஷ் பட்டியலில் 21-ம் இடம் வரை போனது.

1968 ஜூன் 26 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தென்னாப்பிரிக்க நிறவெறிக்கு எதிரான ஒரு நிகழ்ச்சி. இந்தப் பாட்டை வாசிக்கும்போது, வரைந்து கொண்டுவந்த அமெரிக்கக் கொடியை எமர்சன் மேடையிலேயே கொளுத்தினார். அரங்கம் அவர்களை இனி இந்தப் பக்கமே வராதே என்று தடை செய்துவிட்டது.

இதில் எனக்குச் சுவாரசியமான விஷயம் பெர்ன்ஸ்டைன். அவர் ராக் என்றால் மூக்கைப் பொத்தும் ஆசாமி இல்லை. 1967 ஏப்ரலில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றி, பியானோ முன் உட்கார்ந்து, பீட்டில்ஸ் பாட்டுகளை எல்லாம் பிரித்துக் காட்டி, இந்தப் பையன்களைக் கவனியுங்கள் என்று பெரியவர்களுக்குப் பாடம் எடுத்தவர். அடுத்த வருடமே அவர் மெட்டின் மேல் கத்தி இறங்கியது.

1972-ல் ஆலிஸ் கூப்பர் குழு 'ஸ்கூல்ஸ் அவுட்' ஆல்பத்தில் இதே நாடகத்தின் ஜெட்ஸ் பாட்டை எடுத்து ஒரு தெருச் சண்டையாகவே செய்தது. ஜாலியான வேலை, அவ்வளவுதான். ஆனால் ஒரு காமர்ஸ் மாணவனாக நான் கவனித்தது, அதில் பெர்ன்ஸ்டைன், சோண்ட்ஹைம் பெயர்களும் முறையாக இருக்கின்றன. பெயர் இருந்தால் ராயல்டி. மெட்டாலிகா பாட்டில் ஹெட்ஃபீல்ட், உல்ரிச் பெயர்கள் மட்டுமே! சில நொடி மெட்டுதானே என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

மெட்டாலிகா செய்தது எமர்சனுக்கு நேர் எதிர். 'என்னை மிதிக்காதே' என்ற அந்தத் தலைப்பு அமெரிக்க விடுதலைப் போர்க் காலத்து மஞ்சள் கொடியில் சுருண்ட பாம்புக்குக் கீழே எழுதியிருக்கும் வாசகம். ஆல்பத்தின் கறுப்பு அட்டை ஓரத்தில் மங்கலாகத் தெரிவதும் அந்தப் பாம்புதான். வளைகுடாப் போர் முடிந்த சில மாதங்களில் ஆல்பம் வெளிவந்தது. அமெரிக்காவில் மட்டும் 1.6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. ஒலிப்பதிவு ஆரம்பித்தது 1990 அக்டோபரில். அதே மாதம் 14-ம் தேதி பெர்ன்ஸ்டைன் இறந்துபோனார்.

ஆக, ஒரே மெட்டு லண்டனில் கொடியை எரிக்கவும் உதவியது, லாஸ் ஏஞ்சல்ஸில் கொடியைப் பிடிக்கவும் உதவியது. வார்த்தை இல்லாவிட்டால் மெட்டு யார் பக்கமும் சாயும் என்று பெருமையாகச் சொல்லலாம். எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. இரண்டு இடத்திலும் தூக்கிப் போட்ட வார்த்தைகளோடு போர்ட்டோ ரிக்கோக்காரர்களும் வெளியே போய்விட்டார்கள். 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றிய தீவு அது. 1917 முதல் அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், வியட்நாமுக்கும் போய்ச் செத்தார்கள், ஆனால் தீவில் குடியிருந்தால் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போட முடியாது. அமெரிக்காவைத் திட்டுவதா புகழ்வதா என்ற கேள்வி அவர்கள் வீட்டுக்குள் நடந்த சண்டை. எமர்சன் அதில் ஒரு பாதியை எடுத்துக்கொண்டார், மெட்டாலிகா மறுபாதியை. அசல் பாட்டிலோ இரண்டு பாதியும் ஒரே மூச்சில் இருக்கின்றன. (நாடகத்தை உருவாக்கிய நால்வரும் போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் இல்லை, அந்தத் தீவைக் கேவலப்படுத்தியதாக 1957-லேயே புகார் வந்தது. அது தனிக் கதை.)

இவ்வளவும் சொன்னாலும் தி நைஸ் பதிவைக் கேட்டால் எனக்கு இன்னமும் மயிர்க்கூச்செறிகிறது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பக்கத்து அறை நண்பனிடம் இதையெல்லாம் சொன்னேன். நம்பவில்லை. டான்ஸ் படத்துப் பாட்டையா மெட்டாலிகா எடுப்பான் என்று சண்டைக்கு வந்தான். மொட்டை மாடிக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். பாட்டு முடியும்வரை பேசவில்லை. முடிந்ததும், "அந்த ஊதா டிரஸ் போட்ட அக்கா யாருடா?" என்று கேட்டான்.

ரீட்டா மொரேனோ. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர். அந்தப் படத்துக்காக ஆஸ்கர் வாங்கினார். 2021-ல் ஸ்பீல்பெர்க் மறுபடி எடுத்த படத்திலும் வேறொரு வேடத்தில் நடித்திருக்கிறார், அப்போது அவருக்கு வயது 90-ஐ நெருங்கிவிட்டது. அதையும் சேர்த்துப் பார்த்து முடிக்க இரவு இரண்டு மணி ஆகிவிட்டது.