உறுப்புகளாற் கூடிய கணினி: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகம் பயன்படுத்தும் கருவிகளை ஆராய்வோர் இரு வினாக்களை எழுப்புதல் வேண்டும். அக்கருவி எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அது பழுதுற்றபோது அச்சமூகம் தன் கையாலேயே அதனைத் திறந்து சீராக்க இயலுமா என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்கு விடை கூறும் நூல்கள் பல. இரண்டாவது வினாவோ பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. வயற்புறங்களில் மாட்டுவண்டி நெடுங்காலம் நிலைத்தமைக்குரிய காரணங்களுள், ஆரக்கால் முறிந்தால் ஆரக்காலை மட்டும் மாற்ற இயன்றமையும் ஒன்றாகும். அதன்பின் வந்த உழவு இயந்திரத்தையும் கிராமம் அவ்வாறே தனதாக்கிக் கொண்டது. தேய்ந்த உறுப்பைக் கழற்றி வேறோர் உறுப்பைப் பூட்டக் கற்றுக்கொண்டது. இவ்வரிசையில் இறுதியாக வந்து நிற்பது கணினி.

கரடியனாறு, செங்கலடியிலிருந்து மேற்கே பதுளை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்த வேளாண்மைக் கிராமம். அத்தகையதோர் ஊரில் இன்று ஓர் இளைஞன் தனது முதலாவது விளையாட்டுக் கணினியை, கடையிற் பூட்டிய நிலையில் வாங்காது, உறுப்பு உறுப்பாகத் தெரிந்து தானே பூட்ட விழைகின்றான் எனக் கொள்ளலாம். மையச் செயலி, மதர்போர்ட் எனப்படும் தாய்ப்பலகை, நினைவகம், வரைவியல் அட்டை, சேமிப்பகம், மின்வழங்கி, உறை ஆகிய ஏழினையும் அவன் தெரிதல் வேண்டும். ஒரு நிறுவனத்தின் செயலியை இன்னொரு நிறுவனத்தின் பலகையிலும், அப்பலகையை வேறொரு நாட்டில் உருவான உறையிலும் பொருத்தலாம் என்பதை அவன் இயல்பானதொன்றாகவே எண்ணுவான். அஃது இயல்பானதன்று, ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாற்றின் பேறு. அவ்வரலாற்றையும், அது மட்டக்களப்பின் படுவான்கரையை வந்தடைந்த வகையையும் நோக்குவது பயனுடையதாகும்.

பூட்டிய அறையும் திறந்த பலகையும்

1960களிற் கணினி என்பது அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் உரிய உடைமை. குளிரூட்டப்பட்ட அறையில் அது வைக்கப்பட்டிருந்தது. பயன்படுத்துவோர் பலருக்கு அவ்வறையினுள் நுழையவும் உரிமையில்லை. இந்நிலை மாறத் தொடங்கியது 1975 ஆம் ஆண்டிலாகும். அவ்வாண்டு ஜனவரியில் ‘பொப்புலர் இலெக்ட்ரோனிக்ஸ்’ என்னும் அமெரிக்கச் சஞ்சிகை தன் அட்டையில் அல்ட்டெயர் 8800 என்னும் சிறு கணினியை வெளியிட்டது. நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அல்புகேர்க்கி நகரில் இயங்கிய மிற்ஸ் என்னும் நிறுவனத்தின் ஆக்கம் அது. உறுப்புகளாகவே அனுப்பப்பட்ட அத்தொகுதியின் விலை 400 டொலருக்குச் சற்றுக் குறைவு. வாங்கியவர் ஈயப்பற்றுக் கோலைக் கையிலெடுத்து ஒவ்வோர் உறுப்பாகத் தாமே பொருத்த வேண்டியிருந்தது. விசைப்பலகையும் திரையும் அதற்கில்லை. அதன் நினைவகம் 256 பைட்டுகள் மாத்திரமே. ஆயினும் அதனுள் நூறு முனைகள் கொண்ட பொருத்திடங்கள் இருந்தன. அவற்றுக்கு ஏற்ற பலகைகளைப் பிறரும் செய்து விற்கத் தலைப்பட்டனர். உறுப்புத் தெரிவு என்னும் வழக்கு இவ்வாறு முளைவிட்டது.

அதே ஆண்டு மார்ச் 5 ஆம் திகதி, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கோர்டன் பிரெஞ்ச் என்பாரது வீட்டு மோட்டார்க் கொட்டகையில் ஆர்வலர் சிலர் ஒன்றுகூடினர். ‘ஹோம்புரூ கணினிக் கழகம்’ என அறியப்பட்ட அவ்வமைப்பின் முதற் கூட்டம் அது. தாம் கண்டறிந்ததை ஒருவர்க்கொருவர் மறைக்காது கூறுவதே அக்கழகத்தின் வழக்கம். அங்கு வந்தோருள் ஒருவரான ஸ்டீவ் வொஸ்னியக் உருவாக்கிய அப்பிள் கணினி 1976 இல் வெறும் பலகையாகவே விற்பனைக்கு வந்தது. உறை, மின்வழங்கி, விசைப்பலகை, திரை என்பன வாங்கியவரின் பொறுப்பு. அடுத்த ஆண்டு வெளிவந்த இரண்டாவது அப்பிளுக்கு நிறம், ஒலி, விளையாட்டுக் கைப்பிடி ஆகியவை அமைந்தன. ‘பிரேக்அவுட்’ என்னும் பந்து விளையாட்டை அதில் ஆடிக்காட்டும் விருப்பமே அவற்றுக்குக் காரணமென வொஸ்னியக் பின்னர் கூறியுள்ளார். வீட்டுக் கணினியின் பிறப்பிலேயே விளையாட்டு உடனிருந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

ஓர் அவசரத்தின் விளைவு

எனினும், இன்று உறுப்புகள் தம்முட் பொருந்துவதற்கு நேரடிக் காரணம் 1981 ஓகஸ்ட் 12 ஆம் திகதி வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியேயாகும். தன் பொருள்களைப் பெரும்பாலும் தானே உருவாக்கிப் பழகிய அந்நிறுவனம், வளர்ந்துவந்த சிறுகணினிச் சந்தையில் விரைந்து நுழைய வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் பணியை முடிக்கும் பொருட்டு டொன் எஸ்ட்ரிட்ஜ் தலைமையிலான குழு, சந்தையிற் கிடைத்த உறுப்புகளையே நாடியது. செயலியை இன்டெல் நிறுவனமும், இயக்க மென்பொருளை மைக்ரோசொப்ட் நிறுவனமும் வழங்கின. பிறரும் இணைப்பு அட்டைகளைச் செய்ய வேண்டுமென்பதற்காக மின்சுற்று வரைபடங்களும் அச்சிட்டு வெளியிடப்பட்டன.

ஐ.பி.எம். தன்னிடம் வைத்துக்கொண்ட பூட்டு ஒன்றே: பயோஸ் எனப்படும் தொடக்க மென்பொருளின் பதிப்புரிமை. கொம்பாக் நிறுவனம் அம்மென்பொருளைப் பார்த்தறியாத பொறியியலாளரைக் கொண்டு, அது செய்யும் வேலைகளை மட்டும் விவரித்து, புதிதாக ஒன்றை எழுதுவித்தது. 1983 இல் அதன் கணினி விற்பனைக்கு வந்தபோது அப்பூட்டும் திறந்துகொண்டது. அதன்பின் தாய்வானில் கிகாபைட், எம்.எஸ்.ஐ. ஆகியவை 1986 இலும் ஏசஸ் 1989 இலும் தோன்றித் தாய்ப்பலகைகளை உலகெங்கும் பரப்பின. 1995 இல் இன்டெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். என்னும் அளவுத்திட்டம் பலகையின் பருமனையும் திருகாணித் துளைகளின் இடத்தையும் வரையறுத்தது. இன்றும் உறை வாங்குவோர் அவ்வளவையே கேட்டு வாங்குகின்றனர். ஒரு நிறுவனத்தின் அவசரம், மற்றொன்றின் போட்டி, சிறியதொரு தீவின் தொழிற்றிறன் ஆகியன கூடியே உறுப்புத் தெரிவென்னும் சுதந்திரத்தைப் படைத்தன எனலாம்.

விளையாட்டு ஈந்த வலு

விளையாட்டுக் கணினி வீண்செலவு என்னும் கருத்துப் பெற்றோரிடையேயும் ஆசிரியரிடையேயும் வேரூன்றியதாகும். பயிற்சியை மறந்து இரவெல்லாம் திரையை நோக்கியிருக்கும் மாணவரைக் கண்டோர் அவ்வாறு கூறுவதிற் பிழையில்லை. ஆயினும் கருவியின் வரலாறு வேறொன்றையும் காட்டுகின்றது. 1993 டிசம்பரில் வெளிவந்த ‘டூம்’, 1996 இல் வந்த ‘குவேக்’ ஆகிய விளையாட்டுகள் அந்நாளைய செயலிகளின் வலுவை முற்றாக உறிஞ்சின. பெருந்தொகைப் படப்புள்ளிகளை ஒரே வேளையிற் கணிக்கும் தனியொரு அட்டையின் தேவை எழுந்தது. 1996 இல் 3டிஎவ்எக்ஸ் நிறுவனத்தின் ‘வூடூ’ அட்டையும், 1999 இல் என்விடியாவின் ‘ஜீபோர்ஸ் 256’ அட்டையும் அத்தேவையின் விளைவுகள்.

இதன் கணக்கு எளிது. அகலத்தில் 1,920 புள்ளிகளும் உயரத்தில் 1,080 புள்ளிகளும் கொண்ட திரையில் ஏறத்தாழ 20 இலட்சத்து 74 ஆயிரம் புள்ளிகள் உள்ளன. செக்கனுக்கு 60 தடவை படம் மாறுமாயின் 12 கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளின் நிறத்தைக் கணித்தல் வேண்டும். இவ்வேலைக்கென வளர்ந்த அட்டைகள் பின்னர் ஆய்வுகூடத்திலும் இடம்பெற்றன. 2012 இல் ரொறொன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்ஸ் கிரிஷெவ்ஸ்கி, இல்யா சுட்ஸ்கேவர், ஜெப்ரி ஹின்டன் ஆகியோர் படங்களை இனங்காணும் போட்டியொன்றில் பெருவெற்றி ஈட்டினர். அவர்கள் பயன்படுத்தியவை கடைகளில் விளையாட்டுக்கென விற்கப்பட்ட ஜி.ரி.எக்ஸ். 580 வகை அட்டைகள் இரண்டே. இன்றைய செயற்கை நுண்ணறிவு எழுச்சியின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக அவ்வெற்றி கொள்ளப்படுகின்றது. விளையாடுவோர் செலுத்திய பணத்திலேயே அக்கருவி வளர்ந்தது.

படுவான்கரைக்கு வந்த வழி

இலங்கையின் நிலையை நோக்குமிடத்து, 1977 இல் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமை முதன்மையானது. 1983 இல் தேசியக் கணினிக் கொள்கை வகுக்கப்பட்டது. 1984 இல் அதற்கென ஒரு பேரவையும் நிறுவப்பட்டது. பேராசிரியர் வீ. கே. சமரநாயக்கவின் பணி இத்துறையில் விதந்து கூறப்படுவது. ஆனால், கணினிக் கொள்கை வகுக்கப்பட்ட அதே 1983 தான் ஜூலை வன்செயல்களின் ஆண்டுமாகும். கொழும்பிற் கணினி பரவிய காலமும் கிழக்கில் யுத்தம் பரவிய காலமும் ஒன்றே. செங்கலடிக்கு அண்மையில், வந்தாறுமூலையில், 1981 இல் தோன்றிய பல்கலைக்கழகக் கல்லூரி 1986 இற் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தபோதும், வாவிக்கு மேற்கேயுள்ள ஊர்களுக்கு வீதியும் மின்சாரமும் பொருளும் தடையின்றிக் கிட்டவில்லை.

கரடியனாற்றுப் பகுதி 2007 வரை யுத்தத்தின் எல்லைக்குள் இருந்தது. யுத்தம் முடிந்து வீதிகள் திருத்தப்பட்ட வேளையிலும் துயர் நீங்கவில்லை. 2010 செப்டெம்பர் 17 ஆம் திகதி, வீதி வேலைக்கெனக் கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிபொருள் வெடித்துப் பலர் உயிரிழந்தனர். கொழும்பு பம்பலப்பிட்டியின் யுனிட்டி பிளாசாவில் அடுக்கப்பட்டிருக்கும் உறுப்பொன்று இவ்வூரை வந்தடையும் வீதிக்கு இத்தகையதொரு வரலாறும் உண்டு.

வழி திறந்தபின் விலை உயர்ந்தது. 2020, 2021 ஆம் ஆண்டுகளிற் சில்லுத் தட்டுப்பாட்டினாலும், எண்ணிம நாணயம் ஈட்டுவோர் வரைவியல் அட்டைகளை மொத்தமாக வாங்கியமையாலும் உலகெங்கும் அவற்றின் விலை ஏறியது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சென்றது. 250 டொலர் பெறும் அட்டையொன்று, வரியும் இலாபமும் சேர்க்காமலே, 50,000 ரூபாவிலிருந்து 90,000 ரூபாவாயிற்று. அட்டையில் மாற்றமில்லை, மாறியது நாட்டின் நாணயம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரமும் துண்டிக்கப்பட்டது.

தெரிவின் ஒழுங்கு

இத்தகைய சூழலில் உறுப்புத் தெரிவு என்பது ஒரு குடும்பத்தின் பொருளாதாரத் தீர்மானமாகின்றது. அறுவடைப் பணத்தில் ஒரு பகுதி ஒரேயடியாக அழியாதிருக்க வேண்டுமெனின் எந்த உறுப்பு நீடிக்கும், எது விரைவிற் பழையதாகும் என்பதை அறிதல் அவசியம். உறையும் மின்வழங்கியும் பல தலைமுறைகளுக்கு உதவுவன. தாய்ப்பலகையின் செயலிப் பொருத்திடம் எத்துணைக் காலம் பேணப்படும் என்பதும் நோக்கத்தக்கது. ஏ.எம்.டி. நிறுவனம் 2016 இல் அறிமுகப்படுத்திய ஏ.எம்.4 பொருத்திடத்துக்கு அடுத்த பொருத்திடம் 2022 இலேயே வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலகையை மாற்றாமற் செயலியை மட்டும் மாற்றிக்கொண்டோர் பலர். நினைவகம் அவ்வாறன்று, நான்காந் தலைமுறை நினைவகம் ஐந்தாந் தலைமுறைக்குரிய பலகையிற் பொருந்தாது. வரைவியல் அட்டை விளையாட்டுக் கணினியின் பெருஞ்செலவு; எனவே திரையின் அளவை முதலில் தீர்மானித்து அதற்கேற்ப அட்டையைத் தெரிதலே முறை.

மலிவான மின்வழங்கியை வாங்கி மிச்சம்பிடித்த பணத்தில் உயர்ந்த அட்டையைத் தேடுதல் பலரும் செய்யும் பிழை. மின்வழங்கி கெட்டால் அது ஏனைய உறுப்புகளையும் கெடுக்கக் கூடும். செயலியும் அட்டையும் வேண்டும் வற்றுகளைக் கூட்டி, அதற்கு மேலும் இடைவெளி விட்டுத் தெரிதல் நன்று. வெப்பமும் ஈரப்பதனும் மிக்க, மழைக்கால இடிமின்னலும் உள்ள இப்பிரதேசத்திற்குக் காற்றோட்டமுள்ள உறையும் மின்தடைக் காப்பும் இன்றியமையாதன.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகின்றது. உறுப்புகளைத் தெரியும் உரிமை எவராலும் விரும்பி வழங்கப்பட்டதன்று; வரலாற்றுச் சூழ்நிலையால் வாய்த்தது. எனவே அது மீளப்பெறப்படவும் கூடும். மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்படுகின்றது. 2020 முதல் அப்பிள் நிறுவனம் தன் எம் வகைச் சில்லுகளில் நினைவகத்தைச் செயலியோடு ஒரே பொதியிற் சேர்த்துள்ளது. அவ்வமைப்பு வேகத்தையும் மின்சிக்கனத்தையும் தருவது மெய்யே. ஆனால் ஓர் உறுப்புக் கெட, முழுப் பலகையையும் மாற்ற நேரிடுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் பழுதுபார்க்கும் உரிமைக்கெனச் சட்டநெறியொன்றை ஏற்றுக்கொண்டமை இவ்வபாயத்தை உணர்ந்ததன் விளைவாகும்.

பெருநகர் வாழ்வோருக்கு மூடிய பெட்டி பெருந்தொல்லையன்று. கெட்டதைக் கொடுத்துப் புதியதை வாங்குவர். கொழும்பிலிருந்து நெடுந்தொலைவிலுள்ள படுவான்கரைக் குடும்பத்துக்கோ, திறக்கவியலாத கருவி கெட்ட அன்றே அதற்கிட்ட பணமும் இழப்பாகின்றது. தன் முதற் கணினியைத் தானே பூட்டும் இளைஞன் விளையாட்டுக்காகவே அதனைத் தொடங்கியிருக்கலாம். எனினும் எவ்வுறுப்பு எவ்வேலை செய்கின்றது, எது கெட்டது, எதனை மாற்றலாம் என்னும் அறிவு அவனோடு அவ்வூரிலே தங்குகின்றது. நாளை பாடசாலைக் கணினி பழுதுற்றாலும் உதவும் அறிவு அது. வண்டிச் சில்லையும் உழவு இயந்திரத்தையும் தன் கையாற் சீர்செய்யக் கற்ற ஒரு சமூகத்துக்கு இது புதியதொரு கல்வியன்று; பழைய கல்வியின் தொடர்ச்சியே எனலாம்.